பேறுபலன் இல்லாத கொடை: விசுவாசம், நற்செயல், ஏழைகள்

1. வினா

தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உள்ள புனித அன்னாள் ஆலயத்தில், 1999 அக்டோபர் 31 அன்று, லுத்தரன் உலகப் பேரவையும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதர் கடவுளுக்கு ஏற்றவராவது அருளால், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தால். தம் பேறுபலனால் அல்ல. அவ்வாறு ஏற்கப்பட்டவரைத் தூய ஆவி புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறது. இதுவே இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டதன் சாரம். ஜெர்மன் புராட்டஸ்டண்ட் இறையியல் பேராசிரியர் பலர் எதிர்த்தபோதும் அறிக்கை நின்றது. 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளும் அதில் இணைந்தனர்.

அதே ஆலயத்தின் மேற்குக் கோடியில் ஃபுக்கர் குடும்பத்தின் சிற்றாலயம் இருக்கிறது. 1525-இல் இறந்த யாக்கோப் ஃபுக்கர் என்ற வட்டிக்கடைப் பெருந்தனக்காரர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். மைன்ஸ் பேராயர் பதவியைப் பெற ஆல்பிரெக்ட் என்பவர் வாங்கிய கடன் இவர் கொடுத்தது. அந்தக் கடனை அடைக்கவே பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பணத்தில் பாதி போயிற்று. அந்த விற்பனையை எதிர்த்துத்தான் 1517-இல் மார்ட்டின் லுத்தர் தம் 95 கருத்துரைகளை எழுதினார். மறு ஆண்டு கர்தினால் கயத்தானின் விசாரணைக்காக ஆக்ஸ்பர்க் வந்தவர் தங்கியதும் இந்த ஆலயத்தை ஒட்டிய கார்மேல் மடத்தில்.

இந்த ஃபுக்கர் 1521-இல் ஏழைகளுக்காக ஒரு குடியிருப்பை நிறுவினார். ஃபுக்கரை என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. ஆண்டு வாடகை ஒரு ரைன் கில்டர். இன்றைய கணக்கில் 88 யூரோ சென்ட். குடியிருப்போர் நிறுவியவருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் நாள்தோறும் செபிக்க வேண்டும் என்பதும் வாடகையோடு சேர்ந்த நிபந்தனை. ஏழைக்கு வீடு, செல்வருக்குச் செபம் என்ற அந்த ஒப்பந்தத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்று லுத்தர் சொன்னதும் இந்த ஒப்பந்தத்தின் செப மறுபாதி செல்லாக்காசாயிற்று. கொடை கொடுத்தவரின் ஆன்மாவுக்கு இனி அதனால் எதுவும் இல்லை. அப்படியானால் ஏழைக்குக் கொடுப்பது குறைந்ததா? விசுவாசம், நற்செயல் பற்றிய விவாதம் பெரும்பாலும் வேத வசனங்களை எதிரெதிரே நிறுத்தி நடத்தப்படுகிறது. இக்கட்டுரை அதே விவாதத்தை ஏழைகளுக்கான உதவியின் வரலாற்றில் வைத்துப் பார்க்க முயல்கிறது. கொள்கை மாறினால் கொடை என்ன ஆகும் என்பதை நகரங்களின் சட்டங்களும் கணக்கேடுகளும் காட்டக்கூடும்.

2. பவுலும் யாக்கோபும்

வேத வசனங்களை முற்றிலும் தாண்டிப் போகவும் முடியாது. சட்டத்தின் செயல்கள் இன்றி விசுவாசத்தால் மனிதர் நீதிமானாக்கப்படுகிறார் என்பது ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுலின் வாதம். வெறும் விசுவாசத்தால் அல்ல, செயல்களாலும்தான் என்பது யாக்கோபு கடிதத்தின் இரண்டாம் அதிகாரம். இருவருமே ஆபிரகாமைத்தான் சான்றுக்கு அழைக்கிறார்கள். லுத்தருக்கு யாக்கோபு கடிதம் பிடிக்காமல் போனது தெரிந்த செய்தி. 1522-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஆயினும் தம் பதிப்பிலிருந்து அதை நீக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மோதலின் கூர்மை ஓரளவு மழுங்கியது. பவுல் காலத்து யூத சமயம் புண்ணியக் கணக்குச் சமயம் அன்று என்று ஈ. பி. சாண்டர்ஸ் 1977-இல் விரிவாக வாதிட்டார். பவுல் மறுத்த செயல்கள் எல்லா நற்செயல்களையும் குறிக்கவில்லை. விருத்தசேதனம், உணவு விலக்கு, ஓய்வுநாள் போன்ற யூத அடையாளங்களையே முதன்மையாகக் குறிக்கின்றன என்று ஜேம்ஸ் டன் அதைத் தொடர்ந்தார். இந்த வாசிப்பு முழுமையானதல்ல என்று கருதுவோர் இன்றும் வலுவாக இருக்கிறார்கள். எனக்கும் ரோமர் நான்காம் அதிகாரத்தை அடையாளச் சடங்குகளுக்குள் அடக்கிவிட முடியும் என்று தோன்றவில்லை. வேலைக்காரருக்குக் கிடைப்பது கூலி, அருளன்று என்ற அங்குள்ள வாதம் அதைவிட அகலமானது.

விவாதங்களில் அதிகம் கவனிக்கப்படாத இடம் ஒன்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. யாக்கோபு, கேபா, யோவான் மூவரும் பவுலுக்கு வலக்கை கொடுத்து, பிற இனத்தாரிடையே அவர் செய்யும் பணியை ஏற்கிறார்கள். கேட்டுக்கொண்டது ஒன்றே: ஏழைகளை நினைத்துக்கொள்ள வேண்டும். மரபு சொல்வதுபோல் இந்த யாக்கோபே கடிதத்தின் ஆசிரியர் என்றால், விசுவாசமும் செயலும் பற்றி எதிரெதிரே நிறுத்தப்படும் இருவரும் ஒரே உடன்பாட்டில் கைகொடுத்திருக்கிறார்கள். அந்த உடன்பாட்டின் பொருள் ஏழைகள். பவுல் அதை மறக்கவும் இல்லை. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியா, அக்காயா சபைகளில் பணம் திரட்டியதை அவர் கடிதங்கள் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. யாக்கோபு கடிதத்திலும் செயலற்ற விசுவாசத்துக்கு முதல் எடுத்துக்காட்டு, உடுத்த உடையும் உண்ண உணவும் இல்லாதவரை வாழ்த்தி மட்டும் அனுப்பிவிடுவதுதான்.

3. கடனும் கொடையும்

பிச்சையிடுதல் பாவத்தைப் போக்கும் என்ற எண்ணம் இடைக்காலத் திருச்சபையின் கண்டுபிடிப்பு அன்று. தோபித்து நூலிலும் சீராக் நூலிலும் அது தெளிவாகவே இருக்கிறது. பாவத்தைக் கடனாகவும் தருமத்தை விண்ணகச் சேமிப்பாகவும் காணும் பார்வை யூத மரபிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த வழியை கேரி ஆண்டர்சன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், திருமுழுக்குக்குப் பின் செய்த பாவத்துக்குத் தருமமே மருந்து என்று ஒரு தனி நூலே எழுதினார். மத்தேயு 25-இன் இறுதித் தீர்ப்புக் காட்சியும் இதற்குத் துணை நின்றது. பசித்தவருக்குக் கொடுத்தது கிறிஸ்துவுக்கே கொடுத்தது என்றால், கொடையில் கிறிஸ்துவைச் சந்திக்கிறோம் என்று ஆகிறது.

இந்த அமைப்பைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதில் ஏழைக்கு ஒரு நிலையான இடம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செல்வருக்கு ஏழை தேவைப்பட்டார். ஏழையின் செபத்துக்கு மதிப்பு இருந்தது. இரந்துண்ணும் துறவியரின் சபைகளால் இரத்தலுக்கே ஒரு புனிதம் வந்து சேர்ந்தது. இந்த ஏற்பாட்டில் யாருடைய தகுதி சோதனைக்கு உள்ளாகிறது என்று கேட்டால், கொடுப்பவருடையது. அவர்தான் கடவுளின் முன் கணக்குக் காட்ட வேண்டியவர். வாங்குபவர் யார், ஏன் ஏழையானார் என்பது இரண்டாம் பட்சம்.

நடைமுறை அவ்வளவு தூய்மையாக இல்லை என்பதற்கு ஃபுக்கரையே சாட்சி. அங்கு இடம் ஒதுக்கப்பட்டது ஆக்ஸ்பர்க்கின் கௌரவமான ஏழைகளுக்கு. உழைத்தும் போதாமல் தவித்த கைவினைஞர், கூலியாட்களுக்கு. தெருவில் பிச்சை எடுப்போருக்கு இடமில்லை. ஏழைகளைத் தரம்பிரிக்கும் பழக்கம் லுத்தருக்கு முன்பே, அதுவும் பேறுபலனை நம்பிய கத்தோலிக்கக் கொடையாளரிடமே, வந்துவிட்டிருந்தது. பின்னர் வரும் வாதத்துக்கு இது முக்கியம்.

4. நான்கு பூட்டுப் பெட்டி

லுத்தரின் 95 கருத்துரைகளிலேயே ஏழை வந்துவிடுகிறார். சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேல், தேவையில் இருப்பவரைக் கடந்துபோய்ச் சீட்டு வாங்குபவர் கடவுளின் சினத்தையே வாங்குகிறார் என்று 43 முதல் 45 வரையிலான கருத்துரைகள் வாதிடுகின்றன. மூன்று ஆண்டுகளில், 1520-இல், இந்த எண்ணம் ஒரு முழுக் கோட்பாடாகிறது. கிறிஸ்தவர் விசுவாசத்தால் கடவுளின் முன் எல்லாவற்றிலும் விடுதலை பெற்றுவிட்டார். தம் செயலால் கடவுளிடம் பெற வேண்டியது எதுவும் மிச்சமில்லை. ஆகவே அவர் செயல் முழுவதும் அடுத்திருப்பவருக்கு உரியதாகிறது. கிறிஸ்தவ விடுதலை பற்றிய லுத்தரின் சிறுநூலின் உயிர்நாடி இது. நற்செயல் வேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்தச் செயல் போய்ச் சேரும் முகவரியைத்தான் மாற்றினார்.

இதை ஊராட்சிச் சட்டமாக ஆக்க முயன்ற ஊர்களில் ஒன்று சாக்சனியின் சிறிய நகரமான லைஸ்னிக். 1523-இல் அங்குள்ளவர்கள் ஒரு பொதுப்பெட்டி ஒழுங்கை வகுத்தார்கள். லுத்தர் அதற்கு முன்னுரை எழுதி அச்சிட்டார். ஆலயத்துக்குரிய சொத்து, அறக்கட்டளை, பூசைக்காக எழுதிவைத்த நிலவருமானம் எல்லாம் ஒரே பெட்டிக்கு வர வேண்டும். பெட்டிக்கு நான்கு பூட்டு. பிரபுக்கள், நகர்மன்றம், நகர மக்கள், சுற்றுக் கிராமத்துக் குடியானவர்கள் என ஒவ்வொரு பிரிவிடமும் ஒரு சாவி. பத்துப் பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் பிரபுக்கள் இருவர், நகர்மன்றத்தார் இருவர், நகரத்தார் மூவர், குடியானவர் மூவர். ஞாயிறுதோறும் கூட வேண்டும். கணக்கேடு வைக்க வேண்டும். போதகரின் சம்பளம், பள்ளிக்கூடம், பெண்குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை, அநாதைகள், முதியோர், நோயாளிகள், கைமுதல் இல்லாத கைவினைஞருக்குக் கடன், பஞ்சகாலத்துக்குத் தானியம் என எல்லாச் செலவும் அந்தப் பெட்டியிலிருந்து. வருமானம் போதாவிட்டால் எல்லோரும் வரிபோல் பங்களிக்க வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டுச் சிற்றூர் ஒன்றில் குடியானவரின் கையிலும் ஒரு சாவி இருந்தது என்பதைப் படிக்கும்போது வியப்பு வருகிறது. ஆனால் ஒழுங்கின் இன்னொரு விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: பிச்சை எடுக்கத் தடை. துறவியரோ, ஊரூராய்த் திரியும் மாணவரோ, உடல்வலு உள்ளவரோ இனி இரக்கக்கூடாது. உழைக்க முடியாதவருக்குப் பெட்டி கொடுக்கும். மற்றவர் உழைக்க வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். யார் உழைக்க முடியாதவர் என்பதை அந்தப் பத்துப் பேர் முடிவு செய்வார்கள்.

நடைமுறையில் பெட்டி தடுமாறியது. அறக்கட்டளைச் சொத்துகளைக் கைமாற்ற லைஸ்னிக் நகர்மன்றம் மறுத்தது. லுத்தர் இளவரசருக்குக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. சொத்து யார் கைக்குப் போகும் என்ற சண்டையில் ஏழை மறக்கப்படுவார் என்று அவர் முன்னுரையிலேயே அஞ்சியிருந்தார். பிற்காலத்தில் லுத்தரின் உடன்பணியாளர் யோகான் புகன்ஹாகன் வகுத்த ஒழுங்குகள், குறிப்பாக 1528-இன் பிரவுன்ஷ்வைக், 1529-இன் ஹாம்பர்க் ஒழுங்குகள், இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றவை. போதகர் சம்பளத்துக்கு ஒரு பெட்டி, ஏழைகளுக்கு வேறு பெட்டி என்று அவர் பிரித்தார்.

5. வரலாற்றாசிரியர்களின் வழக்கு

இதுவரை சொன்னதை வைத்து, கொள்கை மாறியது, அமைப்பும் மாறியது என்று கோடு இழுத்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் அறிஞர் கெர்ஹார்ட் ஊல்ஹோர்ன் ஏறத்தாழ அப்படித்தான் இழுத்தார்: இடைக்காலத் தருமம் கொடுப்பவரின் ஆன்மாவைப் பற்றியது, ஒழுங்கற்றது, சீர்திருத்தம் அதை ஏழையை நோக்கித் திருப்பியது. அதே காலத்துக் கத்தோலிக்க அறிஞர் ஃபிரான்ஸ் ஏர்லே, சீர்திருத்தத்துக்கு முன்பே கத்தோலிக்க நகரங்கள் ஏழைகளுக்கான உதவியை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டன என்று பதிலடி கொடுத்தார். சமயப் பெருமை கலந்த வழக்கு அது.

இருபதாம் நூற்றாண்டில் சான்றுகள் ஏர்லேயின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தன. கத்தோலிக்க நகரமான ஈப்பர் 1525-இல் பொதுப்பெட்டி முறையை ஏற்று பிச்சைக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு ப்ரூஜில் வாழ்ந்த கத்தோலிக்க மனிதநேயர் ஹுவான் லூயிஸ் விவெஸ், ஏழைகளுக்கான உதவி நகராட்சியின் கடமை என்று தனி நூல் எழுதினார். 1534-இல் லியோனில் நிலைபெற்ற பொது உதவி நிறுவனத்தை ஆராய்ந்த நடாலி ஸீமன் டேவிஸ், கத்தோலிக்கக் குருக்கள், வணிகர், சீர்திருத்த ஆதரவாளர் எல்லோரும் அதில் கைகோத்ததை 1968-இல் காட்டினார். வெனிஸ் பற்றி பிரையன் புல்லன் எழுதியதும் இதே திசையில். ஜெனீவாவில் பொது மருத்துவமனை ஏற்பட்டது 1535-இல். சீர்திருத்தவாதி கால்வின் அந்த ஊருக்குள் கால் வைத்தது 1536-இல். ஏற்கெனவே இருந்த அமைப்புக்கு 1541-இன் திருச்சபை ஒழுங்கில் இறையியல் பெயர் சூட்டினார் கால்வின் என்பதை ராபர்ட் கிங்டன் சுட்டிக்காட்டினார்.

பஞ்சம், விலையேற்றம், நகரை நோக்கி வந்த கூட்டம் ஆகியவையே இந்த மாற்றத்தின் உந்துவிசை. இறையியல் பின்னால் வந்து சேர்ந்தது. இதுதான் இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. பெரும்பாலும் சரியான முடிவும்கூட. ஆனால் கார்ட்டர் லிண்ட்பெர்க் போன்றோர் இதற்கு உடன்படாமல் இறையியலுக்குத் தனிப் பங்கு உண்டு என்று வாதிடுவதை அப்படியே ஒதுக்கவும் முடியவில்லை. ஒரு சிறு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஈப்பரின் திட்டத்தை அங்குள்ள இரந்துண்ணும் துறவியர் எதிர்த்தார்கள். வழக்கு பாரிசின் சோர்போன் இறையியலாளர் வரை போயிற்று. 1531-இல் அவர்கள் திட்டத்தை ஏற்றார்கள், ஆனால் நிபந்தனைகளோடு: நகரத்தின் உதவி போதாதபோது ஏழை பிச்சை எடுப்பதைத் தடுக்கக்கூடாது. சலமங்காவில் டொமினிக்கன் இறையியலாளர் டோமிங்கோ தெ சோட்டோ 1545-இல் இன்னும் கடுமையாக எழுதினார். இரத்தல் ஏழையின் உரிமை, அயலூர் ஏழையை விரட்டுவது அநீதி, ஏழையைத் துருவித்துருவி விசாரிப்பது இரக்கத்தின் வேலை அன்று என்பது அவர் வாதத்தின் சாரம். கத்தோலிக்க நகரங்கள் இத்தகைய எதிர்ப்புக்கு விடை சொல்லிவிட்டுத்தான் பிச்சையைத் தடுக்க முடிந்தது. லுத்தரின் ஊரான விட்டன்பர்க்கிலும் லைஸ்னிக்கிலும் இப்படியொரு எதிர்ப்பு எழ அடிப்படையே இல்லை. கொடுப்பவரின் மீட்பில் பிச்சைக்காரருக்குப் பங்கில்லை என்றானபின் அவருக்காக வாதாட எந்தச் சோட்டோவும் தேவைப்படவில்லை.

ஆகவே சீர்திருத்தக் கொள்கை புதிய அமைப்பைப் படைக்கவில்லை. அதன் வழியிலிருந்த தடையை அகற்றியது. கூடவே சோதனைக்கு உள்ளாகும் ஆளும் மாறினார். முன்பு கடவுளின் முன் கொடுப்பவர் நின்றார். இப்போது குழுவின் முன் வாங்குபவர் நிற்கிறார்.

6. லுத்தரின் மனக்குறை

கொடை குறைந்ததா என்ற முதல் வினாவுக்கு எண்களில் விடை தேடியவர்கள் உண்டு. 1480 முதல் 1660 வரை இங்கிலாந்தின் உயில்களைத் தொகுத்த டபிள்யூ. கே. ஜார்டன், சீர்திருத்தத்துக்குப்பின் கொடை பெருகியதென்று 1959-இல் அறிவித்தார். அந்நூற்றாண்டின் பெரும் விலையேற்றத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டியதும் அந்த முடிவு ஆட்டம் கண்டது. எண்களை இங்கே அதிகம் நம்ப முடியாது.

நம்பத்தக்க சாட்சி லுத்தரே. போப்பின் ஆட்சியில் மடங்களுக்கும் பூசைகளுக்கும் இரு கையாலும் வாரிக் கொடுத்த மக்கள், நற்செய்தி வந்தபின் ஏழைக்கும் பள்ளிக்கும் ஒரு காசு தர முகம் சுளிக்கிறார்கள் என்று அவர் பலமுறை நொந்திருக்கிறார். 1530-இன் தொடக்கத்தில், திருந்தாத சபைக்கு இனிப் பிரசங்கிக்கப்போவதில்லை என்று விட்டன்பர்க் மேடையிலேயே அறிவித்துச் சில காலம் ஒதுங்கியும் இருந்தார். நல்ல மரம் தானே நல்ல கனி தரும் என்பது அவர் கோட்பாடு. கனி வரக் காணோம் என்பது அவர் அனுபவம்.

இந்த இடைவெளியை அவர் சீடர்கள் அவரவர் வழியில் நிரப்பப் பார்த்தார்கள். மீட்புக்கு நற்செயல் இன்றியமையாதது என்றார் கெயோர்க் மேயர், 1552-இல். நற்செயல் மீட்புக்குக் கேடு என்றே எழுதினார் லுத்தரின் நெருங்கிய நண்பர் நிக்கோலாஸ் ஃபொன் அம்ஸ்டோர்ஃப், 1559-இல். அவர் சொல்ல வந்தது செயலில் வைக்கும் நம்பிக்கை கேடு என்பதே. ஆனால் தலைப்பு தலைப்புத்தான். 1577-இன் இணக்க விதிமுறை இரண்டையும் மறுத்து நடுவழி கண்டது: நற்செயல் தேவை, ஆனால் மீட்புக்காக அல்ல. இதற்கிடையே கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து திருச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று தன் விடையைச் சொல்லியிருந்தது. நீதிமானாக்கப்படுதலின் தொடக்கத்தை மனிதர் சம்பாதிக்க முடியாது. ஆனால் அருளில் செய்த நற்செயல் அந்த நிலையை வளர்க்கும், மெய்யான பேறுபலனும் ஆகும், அந்தப் பேறும் கடவுளின் கொடையே. 1999-இன் கூட்டறிக்கை லுத்தரன், திரெந்து விடைகள் இரண்டையும் அருகருகே வைத்து, இன்றைய நிலையில் இரு தரப்பும் அன்று விதித்த சாபங்கள் எதிர்த்தரப்பைத் தாக்கா என்கிறது. எனக்கு அது நேர்மையான சமரசமாகவே படுகிறது. ஆனால் லுத்தரின் மனக்குறைக்கு அதில் விடை இல்லை.

7. ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு

அந்தக் குறைக்கு லுத்தரன் மரபுக்குள் நடைமுறையில் விடை தேடியவர் ஹாலே நகரின் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கெ. 1695-இல் உண்டியலில் விழுந்த நான்கு தாலர் பதினாறு குரோஷனைக் கொண்டு ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698-இல் பெரிய அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பணம் தீர்ந்துபோன ஒவ்வொரு வேளையிலும் எதிர்பாராத கொடை வந்ததை வரிசையாகப் பதிவு செய்து 1701-இல் நூலாக வெளியிட்டார். வாழும் கடவுள் இன்றும் செயல்படுகிறார் என்பதற்கு அந்த இல்லமே ஆதாரம் என்பது நூலின் வாதம். நற்செயல் இங்கே மீட்பின் விலை அன்று. கனி என்பதையும் தாண்டி, விசுவாசம் மெய் என்பதற்குச் சான்றாகிவிட்டது. சான்று என்றால் அதைக் காட்ட வேண்டும், அச்சிட்டுக் காட்டினார்கள். கொடையாளரின் கணக்கு வேறு வாசலால் உள்ளே வந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஹாலேயின் இந்த உணர்வோடுதான் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிஷ் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று டென்மார்க் அரசரின் ஆதரவில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். மறு ஆண்டே தமிழ்க் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியது, பெண்குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் மிஷனின் செலவு. 1710 முதல் இந்தப் பணியின் செய்திகள் ஹாலே அறிக்கைகளாக அச்சேறி ஐரோப்பியக் கொடையாளர் கைக்குப் போயின. தமிழரிடையே பணிசெய்த இந்த மிஷன், படிப்பவரைக் கொடுக்கத் தூண்டும் அச்சுப் பிரதியாகவும் இருந்தது.

கொடை எதற்கு என்ற பழைய வினா இங்கே செலவுக் கணக்காக வந்து நின்றது. கோபன்ஹேகனில் இருந்த மிஷன் குழுவின் செயலர் கிறிஸ்டியன் வெண்ட், மிஷனரிகள் அப்போஸ்தலர்போல் வெறுங்கையோடு போய் வார்த்தையை மட்டும் அறிவிக்க வேண்டும், கட்டடமும் பள்ளியும் அவர்களுக்கு எதற்கு என்று சாடினார். ஆன்மாவுக்குச் செய்யும் பணியும் உடலுக்குச் செய்யும் பணியும் ஒன்றோடொன்று பின்னியவை, ஒன்றைவிட்டு மற்றதைச் செய்ய முடியாது என்பது சீகன்பால்கின் மறுமொழி. விசுவாசம் மட்டுமே என்பதைக் கறாராகப் பிடித்தால் வெண்ட் சொன்னதுதான் ஒழுங்கான தருக்கம்போல் தோன்றும். ஆனால் அந்தத் தருக்கத்தில் விட்டுப்போன ஒரு கண்ணி உண்டு. லுத்தரின் 1520 வாதப்படி, கடவுளிடம் பெற வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்பதாலேயே அடுத்திருப்பவரின் பசி முழு உரிமையோடு முன்னுக்கு வருகிறது. பள்ளிக் குழந்தையின் சோற்றை விசுவாசத்துக்குப் புறம்பான சுமையாகக் கண்ட வெண்டைவிட, அதைப் பணிக்குள் வைத்த சீகன்பால்கே அந்த வாதத்துக்கு நெருக்கமாக நின்றார்.

மறுபுறம், சீகன்பால்கின் பள்ளியில் சோறு ஞானோபதேசத்தோடு சேர்ந்தே வந்தது. ஃபுக்கரையின் செபத்தைப் பேரம் என்று சொல்பவர்கள் இதையும் அதே தராசில் வைக்க வேண்டும். இந்தத் தகராறில் வெண்ட், சீகன்பால்க் இருவரும் லுத்தரன்கள். விசுவாசம் நற்கனி தரக் கடமைப்பட்டது என்னும் 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஆறாம் பிரிவு இருவருக்கும் பொது. தரங்கம்பாடிப் பள்ளிக்குப் பணம் கொடு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. அதைக் கோபன்ஹேகனும் தரங்கம்பாடியும் கடிதக் கணக்கில் சண்டையிட்டுத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.